தட்டிக் காட்டாத கை

சூதாட்ட மண்டபத்தில் சீட்டுப் போடுகிறவர்கள் மேஜையை விட்டுக் கையை எடுத்தால், முதலில் இரு கையையும் ஒரு தட்டுத் தட்டி, பந்தயச் சில்லு எதையும் ஒளிக்கவில்லை என்று உள்ளங்கையையும் புறங்கையையும் மேலே காட்ட வேண்டும். கூரையில் இருக்கிற கண்ணுக்கு அந்த மரியாதை. லாஸ் வேகாஸில் இருபது வருடமாக அந்தக் கண், கண்காணிப்பு வேலை பார்க்கும் ஓரின்தான். முன்பெல்லாம் கூரைக்குள் பலகைமேல் குப்புறப் படுத்து, கண்ணாடி வழியே பைனாகுலரில் பார்ப்பான். இப்போது குளுகுளு அறை, நாற்பது திரை. ஓடியதைத் திரும்பவும் ஓட்டலாம்.

அன்று மதியம் ஏழாம் மேஜையில் சீட்டுப் போடும் பெண் கையைத் தட்டாமலே சட்டைக்குள் விட்டாள்.

"மாட்டிக்கிட்டா! சில்ல உள்ள போட்டுட்டா!" என்று துள்ளினான் ஓரின்.

உடன் வேலை பார்க்கும் டெனிஸ், பக்கவாட்டுக் கேமராவின் பதிவைத் திரும்ப ஓட்டினாள். பெண்ணின் கையில் மடித்த கைக்குட்டை. மார்பில் சட்டை ஈரம்.

"கொஞ்சம் வாய மூடுறீங்களா? பிள்ள பெத்த பச்ச உடம்புக்காரி, பால் கசியுது. அத்தன ஆம்பளைங்க நடுவுல தட்டி வேற காட்டுவாளாக்கும்!"

ஓரினுக்குப் பழசு நினைவுக்கு வந்தது. பதினெட்டு வருடத்துக்கு முன் இதே மண்டபத்தில் சீட்டுப் போட்ட வெர்னாவும் பிள்ளை பெற்று வந்த புதிதில் இப்படித்தான் கையை விட்டாள். மேலிருந்து அவனுக்குத் தெரிந்தது உச்சந்தலையும் கையும்தான். திருடி என்று எழுதிக் கொடுத்தான். சோதித்ததில் ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் கைமாற்றியிருப்பாள் என்று சாதித்தான். அவளோ "நான் எடுக்கல" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. பிறகு அந்தத் தெருவில் ஒரு மண்டபமும் அவளைச் சேர்க்கவில்லை.

இப்போது மூலைக் கடையில் காபி ஊற்றுகிறாள். ஓரின் தினமும் அங்கேதான் சாப்பிடுவான். கூரையில் இருந்தவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. திருடியை மன்னித்த பெரிய மனுஷன் என்ற நினைப்பில் டிப்ஸ் தாராளமாக வைத்துவிட்டு வருவான். அதை நினைத்தபோதுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வேலை முடிந்ததும் நேரே போனான்.

"என்ன கண்ணு, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?" என்று வெர்னா காபி ஊற்றினாள்.

"வெர்னா, அன்னைக்கு மேல இருந்து உன்னப் பார்த்தது நான்தான். எழுதிக் குடுத்ததும் நான்தான். நீ எடுக்கல. எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அவள் கூஜாவைக் கீழே வைத்தாள். அவன் முகத்துக்கு நேரே ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளங்கையைக் காட்டினாள், புறங்கையைக் காட்டினாள்.

"நல்லாப் பார்த்துக்க," என்றாள்.

ஓரினால் தலையைத் தூக்க முடியவில்லை.