மாவுப் பானைக்குள் மஹர்

"என் மஹரைக் குடுங்க. வெள்ளியா குடுங்க."

மாப்பிள்ளை தருவதாக ஒப்புக்கொண்ட மணக்கொடையான மஹரை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே, கேட்டால் குடும்பம் உடைந்துவிடும் என்று சொல்லித்தான் நிகாரைக் கட்டிக்கொடுத்தார்கள். நாலு வருஷம் ருக்னுத்தீன் அடித்தும் உடையாத குடும்பம். அவள் வாயைத் திறந்தால் மட்டும் உடையுமாம்.

அவன் இத்தனை நாள் தலாக் சொல்லாததற்குப் பாசம் காரணமல்ல. சொன்னால் மஹராக ஐந்நூறு வெள்ளித் திர்ஹத்தை எண்ணி வைக்க வேண்டும். அதில் ஒரு பக்கம் கலிமா, மறுபக்கம் மங்கோலிய எழுத்தில் நாட்டை ஆளும் கானின் பெயர். அந்த எழுத்து தப்ரீஸ் கடைவீதியில் யாருக்கும் தெரியாது. வெள்ளியைத் தெரியாதவர்தான் யாருமில்லை.

கானின் கஜானாவோ காலி. ஆகவே வெள்ளிக்குத் தடை. சீனத்தைப் பார்த்துக் காகிதப் பணம். அதை அச்சடிக்கும் சாலையில்தான் ருக்னுத்தீன் எழுத்தர். மனைவியைக் காகிதத்தில் தீர்த்துவிடலாம் என்றதும் அவனே ஓடிப்போய்க் காஜியாரைக் கூட்டிவந்தான்.

"வெள்ளிக்கு எங்கடி போவேன்? எல்லாம் கஜானாவுல குடுத்தாச்சு. இந்தா நோட்டு. வேண்டாம்னாலும் தலை போகும், வெள்ளியை ஒளிச்சாலும் போகும். பொண்டாட்டி புள்ளையோட சேத்து!"

"வீட்ல ஒரு பொட்டு வெள்ளிகூட இல்லியா?"

"அல்லா மேல சத்தியமா இல்ல."

"சரி, நோட்டையே குடுங்க."

தலாக் சொல்லி முடித்தான். காஜியாருக்கும் கூலியாக இரண்டு நோட்டு நீட்டினான். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. அல்லாவுக்காகச் செஞ்சதா இருக்கட்டும்."

நிகார் அடுப்படிக்குப் போனாள். மாவுப் பானைக்குள் முழங்கைவரை கையைவிட்டு ஒரு தோல்பையைத் தூக்கினாள். கலகலத்தது.

"ஏய்! அது என்னோடது!"

"எது? இப்பத்தானே சத்தியம் பண்ணின? ஒன்னோடதுன்னா காவக்காரனைக் கூப்பிடு. பொண்டாட்டியோட சேத்துத்தான் தலை போகும்னியே, போய் ஒருத்தியைத் தேடிக்கோ. நான் இல்ல."

ருக்னுத்தீன் வாயைத் திறந்தான். சன்னல் பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். காஜியாருக்குத் திடீரென்று மார்க்கம் ஞாபகம் வந்தது.

"தலாக்குக்கு அப்புறம் மூணு மாச இத்தா முடியறவரைக்கும் நீ இங்கதாம்மா இருக்கணும்..."

"அடிக்கிற வீட்லயா? எங்கண்ணன் வீட்ல இருந்துக்கிறேன் காஜியாரே."

அண்ணன் ஊரான மராகாவுக்குப் போகும் ஒட்டகக்காரனிடம் காலையிலேயே பேசி வைத்திருந்தாள். நோட்டுக் கட்டை ருக்னுத்தீனின் மடியில் போட்டாள். முழங்கை மாவைக்கூடத் தட்டாமல் பையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.