உள்பக்கத் தாழ்ப்பாள்

மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்று கேட்கத் திரும்பியபோதுதான், போன் பார்க்கும் உனைசி உள்ளே வரவே இல்லை என்பது லிதியாவுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் புதுப் பெயின்ட் வாசனையில் நின்று, தகரச் சுவரில் அறுத்து வைத்த ஜன்னல்கள் வழியாக லௌடோகா துறைமுகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உனைசி மட்டும் வாசலுக்கு வெளியே வெயிலில், ஃபைல்களை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"உனைசி, காலு தரையில ஒட்டிக்கிச்சா?" என்று கத்தினார் முதலாளி இனோகே. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் நகரவில்லை.

மூன்று பழைய கன்டெய்னர்களை ஒட்டி, நடுச்சுவர்களை அறுத்தெடுத்து, சரக்கு ஏற்றி இறக்கும் அந்தக் கம்பெனிக்கு அலுவலகமாக்கியிருந்தாள் லிதியா. தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை. உள்ளே எல்லாவற்றையும் மாற்றியவள், முகப்பில் இருந்த இரட்டை இரும்புக் கதவுகளையும், அவற்றை வெளியிலிருந்து இறுக்கும் நீண்ட கம்பிகளையும் மட்டும் அப்படியே விட்டிருந்தாள். பல கடல்களைப் பார்த்த கதவுகள். வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள் என்று அவளுக்கு அதில் ஒரு பெருமை.

மறுநாளும் உனைசி, இதுவரை அலுவலகமாக இருந்த பழைய கொட்டகையிலேயே உட்கார்ந்தாள். போன் இணைப்பு புது இடத்துக்குப் போய்விட்டதால், மணி அடிக்கும்போதெல்லாம் யாராவது ஓடிவந்து அவளிடம் கேட்டுப் போக வேண்டியிருந்தது. "வரமாட்டேன்னா கிடங்குல மூட்டை எண்ணட்டும். போனுக்கு வேற ஆளு பாத்துக்கறேன்," என்றார் இனோகே. குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது.

மதியம் ரொட்டிப் பொட்டலத்தோடு லிதியா கொட்டகைக்குப் போனாள்.

"அக்கா, என் வேலை பிடிக்கலையா? இருட்டுன்னு பயமா? இன்னும் ஒரு ஜன்னல் அறுத்துடலாம்."

"வேலை அழகா இருக்குடி. இருட்டும் இல்ல." உனைசி ரொட்டியைப் பிய்த்தாள், வாயில் வைக்கவில்லை. "புயல்ல எங்க வீட்டுக் கூரை போனப்ப, நாங்க எல்லாரும் ரோட்டோரம் கிடந்த ஒரு கன்டெய்னருக்குள்ள ஓடினோம். காத்து கதவைப் பிச்சுக்கிட்டே இருந்துச்சு. உள்ளருந்து சாத்த அதுல ஒண்ணுமே இல்ல. பக்கத்து வீட்டு அபாகுகி மாமா எங்களைப் பாத்தாரு. வெளிய போய் கம்பியைப் போட்டுட்டாரு."

"அவரு?"

"காவாய்ல படுத்துக் கிடந்திருக்காரு. விடிஞ்சு கதவைத் திறந்தது அவர்தான். தோள்பட்டை முறிஞ்சு ஒரு கை தொங்குது. 'எல்லாரும் இருக்கீங்களா'ன்னு கேட்டாரு." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கதவைப் பாத்தாலே தோணுது, நான் உள்ள இருந்தா யாரோ வெளிய நிக்கணும்னு. என் மகன் உயிரோட இருக்கறது அவரால. அதுக்கு நான் அந்தக் கதவைக் கும்பிடணும். முடியலையே."

லிதியா ரொட்டிப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள். திரும்பி நடந்து, கதவுக் கம்பிகளின் முன்னால் வெகுநேரம் நின்றாள். இத்தனை நாள் கையால் தடவித் தடவி ரசித்த கம்பிகள். உள்பக்கம் போய்ப் பார்த்தாள். வழவழப்பான தகரம், பிடிக்கக்கூட ஒன்றுமில்லை.

வெல்டர் ஷாலேந்திராவைக் கூப்பிட்டாள். "அண்ணே, கம்பி எல்லாத்தையும் அறுத்துடுங்க. உள்பக்கம் ஒரு நல்ல தாழ்ப்பாள் வையுங்க. ராத்திரி பூட்ட, உள்ள இருந்தா சாவி இல்லாமலே திறக்கற மாதிரி ஒரு பூட்டு."

"இதை எடுத்துட்டா, உங்க வேலையைக் காட்டற போட்டோல என்ன மேடம் இருக்கும்? தகர டப்பாதான்!"

"டப்பாவாவே இருக்கட்டும்."

அவர் முகமூடியை இறக்கிக்கொண்டார். அறுபட்ட கம்பிகள் மண்ணில் விழுந்த சத்தம் கேட்டு இனோகே ஓடிவந்தார். லிதியா தணிந்த குரலில் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு கம்பியைத் தானே தூக்கிக்கொண்டு போய் இரும்புக் குவியலில் போட்டார்.

மாலையில் உனைசி வந்தாள். இந்த முறை யாரும் கிண்டல் செய்யவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கதவைத் தானே சாத்தித் தாழிட்டாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். வெளியே நின்றவர்களுக்குத் தாழ்ப்பாளின் சத்தம் மட்டும் மாறி மாறிக் கேட்டது. பிறகு அவள் தலையை நீட்டி, "என்ன வேடிக்கை? உள்ள வாங்க எல்லாரும்," என்றாள். லிதியாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் விடவில்லை.

மறுநாள் பெருமழை. கூரை முழுக்க முழங்கியது. ஜன்னலோர மேசையில் உனைசி போனைக் காதில் வைத்துக் கத்திக்கொண்டிருந்தாள்: "மாமா, கேக்குதா? ஆபீஸ்லருந்துதான் பேசறேன். உள்ள, மாமா, உள்ள! தோள் எப்படி இருக்கு? சாப்பிட்டீங்களா?" அது என்ன சத்தம் என்று மாமா கேட்டார் போல. எழுந்து, ஒரு கையால் ஜன்னலை அகலத் திறந்து, மழையின் பக்கமாகப் போனை நீட்டினாள். சாரல் அவள் முழங்கை வரை நனைத்தது.