முதல் மறுப்பு

வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு நெரெய்தா உள்ளே வந்தாள். காலையில் மாறிப்போன அப்பாவின் மூச்சு அப்படியே இழுத்துக்கொண்டிருந்தது. பேச்சு நின்று ஒரு வாரமாகிறது. ஒரு காலத்தில் பந்து வீசிய வலது கை, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளாய்ப் போர்வைமேல் கிடந்தது.

“ஆஸ்பத்திரிக்குப் போலாமாப்பா?” என்று கேட்டதற்கு அப்பா ஃபெர்மீன் தலையை இடமும் வலமும் ஆட்டியிருந்தார். அவ்வளவுதான்.

வாசல் கம்பியைப் பிடித்தபடி பக்கத்து வீட்டு மினெர்வா நின்றாள். சான் பெத்ரோ ஊரில் எந்த வீட்டில் எந்த வாழைக்காய் கருகுகிறது என்று மூக்கை நீட்டாமலே சொல்லக்கூடியவள். ஆஸ்பத்திரிக்கென்று அவள் பிடித்துக் கொடுத்த வண்டி காலியாகப் போனதில் மனத்தாங்கல்.

“உன் தம்பி நியூயார்க்குலேர்ந்து வந்து இறங்கினதும் முதல்ல என்ன கேப்பான் தெரியுமா?”

“அப்பாதான் வேணாம்னுட்டாருக்கா.”

“ஆமாமா. அப்பன் பேச்சத் தட்டாத பொண்ணு இந்தத் தெருவுல நீ ஒருத்திதான்.”

அம்மாவுக்காக ஆஸ்பத்திரி நடையில் படுத்துக் கிடந்ததை நெரெய்தா மறக்கவில்லை. அப்பா மறுத்ததும் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்ததே, அது யாருடைய நிம்மதி?

மதியம் சீலோ வந்தார். சர்க்கரை ஆலையின் பேஸ்பால் அணிக்காக ஃபெர்மீன் பந்து வீச, எதிரே குந்தியிருந்து பிடித்தே முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டவர். சொந்தப் பெண்டாட்டிகளைவிட இந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததுதான் அதிகம் என்று தெருவில் பேச்சு.

“கேட்டேன் மாமா. வேணாம்னு தலையாட்டிட்டாரு.”

“எத்தன தரம் கேட்ட?”

“ஒரு தரம்.”

சீலோ தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏன் மாமா?”

“ஒண்ணுமில்ல.” பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மட்டைக்காரன் நிக்கிற நெலையப் பாத்து நான் கால் இடுக்குல வெரலக் காட்டுவேன். ஒண்ணுன்னா வேகம், ரெண்டுன்னா வளைவு. எதப் போடுறதுங்கறது இவன் முடிவு. நான் கேட்டது இவனுக்குப் புடிச்சாலும் மொதல்ல இல்லேன்னுதான் தலைய ஆட்டுவான். என்ன வரும்னு தெரியாம மட்டைக்காரன் கொழம்பட்டும்னு. நான் திரும்ப அதே வெரலக் காட்டுவேன். அப்பத்தான் சரிம்பான்.”

“எப்பவுமேவா?”

“நெசமாவே வேணாம்னா ரெண்டாந்தரமும் ஆட்டுவான்.”

வாசலில் நின்று கேட்ட மினெர்வா அடுத்த நிமிடம் செருப்பைக்கூட மாட்டாமல், போன வண்டியைத் தேடித் தெருவில் ஓடினாள்.

அப்பாவின் கண் மூடியிருந்தது. கட்டிலின் கால்மாட்டில் சீலோ மெல்லக் குந்தினார். முழங்கால்கள் இரண்டும் சடசடத்தன. நெரெய்தா அவர் தோளைத் தாங்கிக்கொண்டாள்.

“ஃபெர்மீன், இங்க பாரு. ஒண்ணு. ஆஸ்பத்திரி.”

தொடைகளுக்கு நடுவே ஒற்றை விரல் நீண்டது. ஃபெர்மீன் கண்ணைத் திறந்தார். அவர் பார்வை விரலைத் தேடிப் பிடித்து அங்கேயே நின்றது. நெரெய்தா தலையணையில் அவர் தலை பதிந்திருந்த பள்ளத்தையே பார்த்தாள். எந்தப் பக்கம் அசையும்? மேலே காற்றாடி கறகறத்தது. மூச்சு வெளியே போயிற்று. அடுத்தது வரவில்லை.

வெகுநேரம் சீலோ விரலை மடக்கவில்லை. வாசலில் வண்டி வந்து நின்று ஒலியெழுப்பியது.

மாலையில் முன்னறை நிறைய ஜனம். வேப்பமரத்தடியில் துக்கத்துக்கு வந்தவர்கள் டோமினோ ஆட்டக் கட்டைகளைப் பலகையில் அறைந்தார்கள். மினெர்வா வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் மங்குவதற்குள் அவள் கதையில் ஃபெர்மீன் மூன்று தரம், அதுவும் கழுத்து நரம்பு புடைக்க, மறுத்துவிட்டிருந்தார். நெரெய்தா அவளைத் திருத்தவில்லை. தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தம்பியோ என்று மடியிலிருந்த கைக்குட்டையை இறுக்கினாள்.

சீலோ தட்டோடு வந்தார். இஞ்சி தட்டிப் போட்ட காபி, சின்னக் கோப்பைகளில்.

“குடிக்கிறியாம்மா?”

நெரெய்தா தலையை இடமும் வலமும் ஆட்டினாள்.

சீலோ நகரவில்லை. தட்டைப் பிடித்தபடி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.