இருவரும் ஒருவரா?

சிலுவைக்கு இரண்டாம் முறை வெள்ளையடித்துக் காயவைத்துவிட்டு, நிசார் அஹமது கறுப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். வீட்டுக்குள் ஜெனிஃபாவின் அப்பாவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா பேரும்மா எழுதணும்?” என்று அவளைக் கேட்டார். “டேனரியில எங்களுக்கு அவரு சம்பத் அண்ணன்தான்.”

அவள் வாயைத் திறப்பதற்குள், ஷாமியானா நிழலில் இருந்த போதகர் “தானியேல்” என்றார். ஞானஸ்நானப் பெயர் இருக்கும்போது பழைய பெயர் எதற்கு என்பது அவர் கட்சி.

அப்பா, அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காகக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர். தோல் பதனிடும் டேனரியில் சம்பத், கோயிலில் தானியேல். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். ஆம்பூரில் இதெல்லாம் அதிசயமில்லை.

அதிசயப்பட்டது கம்ப்யூட்டர்தான். பிள்ளைகள் இல்லம் ஒன்றில் நன்கொடையாளர் விவரங்களைப் பார்த்துக்கொள்வது ஜெனிஃபாவின் வேலை. போன கோடையில் புது சாஃப்ட்வேர் வந்தபோது, கோயில் வழியாகக் கொடுப்பவர்களையும் டேனரி வழியாகக் கொடுப்பவர்களையும் ஒரே பட்டியலாக்கினார்கள். ஒரே முகவரியில் இரண்டு பெயர் வந்தால் திரை நின்று கேட்கும்: இருவரும் ஒருவரா? மற்றவர்கள் என்றால் போன் போட்டு விசாரிப்பாள். அப்பாதானே என்று, கேட்காமலே தானியேலை வைத்துக்கொண்டு சம்பத்தை அதற்குள் சேர்த்துவிட்டாள். சேர்த்ததைப் பிரிக்க அதில் வழி கிடையாது.

ஆடி மாதம்தான் விஷயம் தெரிந்தது. தன் அம்மா இறந்த நாளில், வருஷா வருஷம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடுவார் அப்பா, சம்பத் என்ற பெயரில். சாப்பாடு போட்டவரின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுத்தான் பிள்ளைகள் சோற்றில் கை வைப்பார்கள். அதைக் கேட்பதற்காகவே அவர் லீவு போட்டுவிட்டுப் போய் வாசலில் நிற்பார். அந்த வருஷம் கம்ப்யூட்டர் கொடுத்த பெயரைச் சொல்லி, தானியேல் ஐயாவுக்காக என்று ஜெபித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கோபப்படாமல்தான் சொன்னார்.

“எங்கம்மாவுக்கு தானியேல்னு யாரையும் தெரியாதும்மா.”

ஜெனிஃபா அன்று குளியலறைக்குள் போய் அழுதாள். அடுத்த ஆடிக்குத் தானே கையால் சம்பத் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைத்தது. நேற்று நெஞ்சு வலிக்கிறது என்றவர், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

ஒடுகத்தூரிலிருந்து பெரியப்பா வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். தம்பி வேதத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவர் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். இருக்கட்டும் என்றார்.

போதகர் ஜெபத்துக்கு உள்ளே போனார். நிசார் தானியேலை முடித்துவிட்டு பிரஷ்ஷைத் துடைக்கப் போனார்.

“பாய், திருப்பிப் போட்டு அந்தப் பக்கம் சம்பத்னு எழுதுங்க,” என்றாள் ஜெனிஃபா.

“போதகர் ஐயா கேட்டாருன்னா?”

“எழுதினப்புறம் கேக்கட்டும்.”

நிசார் இரண்டு செங்கல்லின்மேல் சிலுவையைக் கவிழ்த்து வைத்து எழுதினார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மண்ணை மூடிச் சிலுவையை நட்டதும், போதகரும் சபையாரும் முன்பக்கம் நின்று பாடினார்கள். கூட்டத்தில் சேராமல் பின்பக்கம் ஒதுங்கி நின்றவர் பெரியப்பா மட்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர் போல, அவர் விரல் இன்னும் காயாத ஒவ்வொரு எழுத்தின் மேலும் போனதை ஜெனிஃபா பார்த்தாள். பிறகு குனிந்து ஒரு பிடி மண் போட்டார்.

வீடு திரும்பியவர்கள் கால் கழுவினார்கள். பெரியப்பாவும் கேட்டைத் திறந்துகொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாங்கி, அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

சொம்பின் கழுத்தில் கறுப்பாக ஒரு விரல் தடம் இருந்தது. பாத்திரங்களை எடுத்துப்போன ஜெனிஃபா, அதை மட்டும் கழுவப் போடவில்லை.