பொட்டு வைக்காத கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டரை ஓட்ட லினக்ஸா விண்டோஸா என்கிற சண்டை எங்கள் ஆபீசில் காலைக் காபிக்கு முன்பே தொடங்கிவிடும். மேற்கு மாம்பலத்தில் மருந்துக்கடை மாடியில் இருந்ததே நாங்கள் மூன்று பேர்: முதலாளி சுந்தரராமன் சார், இனாயத், நான். இனாயத் விண்டோஸ் கட்சி.

"கஸ்டமர் கடையில இன்னா கீது? விண்டோஸ். அப்புறம் உன் லினக்ஸ வெச்சுக்கினு நான் இன்னா பண்றது, மஹதி?" என்பான். கேள்வி நியாயமானதுதான். அதனாலேயே எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் கடைகளுக்காக நாங்கள் எழுதிய பில் போடும் புரோகிராமை அவன் பாதுகாத்த லட்சணம் இருக்கிறதே! ஒரு தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை வைத்திருந்தான். அது யார் மேஜையில் இருக்கிறதோ அவர்தான் புரோகிராமில் கை வைக்கலாம். மற்றவர் ஈ ஓட்ட வேண்டியதுதான். சாயங்காலம் ஃப்ளாப்பியில் ஒரு காப்பி எடுத்து டப்பாவில் போட்டால் அவன் கடமை முடிந்தது. எந்த ஃப்ளாப்பியில் என்றைக்குச் செய்த வேலை என்பது அவனுக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே வெளிச்சம்.

என்னிடம் 486 என்கிற பழைய ரகக் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் லினக்ஸ் போட்டு, சி.வி.எஸ். என்ற மென்பொருளையும் ஏற்றியிருந்தேன். எந்த வரி என்றைக்கு மாறியது என்று அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். பழையபடி வேண்டுமென்றால் எடுத்தும் கொடுக்கும். இனாயத் அதைத் தொடவே மாட்டேன் என்றான். போடா என்று, தினமும் அவன் கிளம்பும்போது நெட்வொர்க் கேபிள் வழியாக அவன் வேலையை நானே அதில் சேர்த்து வைத்தேன். அவன் பார்த்துச் சிரிப்பான்.

சாருக்கும் பொறுமை போய்விட்டது. "விஜயதசமி அன்னிக்கு அந்தப் பொட்டியையும் விண்டோஸுக்கு மாத்திடலாம்மா. ஒரு மெஷின் சும்மா ஒக்காந்துண்டிருக்கு" என்றார்.

ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். மானிட்டருக்கு, பிரிண்டருக்கு, பொம்மைக்கும்கூட. இனாயத்தான் கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டி தேடிக் கொடுத்தான். "வித்தையெல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு" என்று சார் ஃப்ளாப்பி டப்பாவையும் திறந்து, ஒவ்வொன்றின் வாயிலிருந்த உலோகத் தகட்டிலும் தாராளமாகச் சந்தனம் தடவினார். என் 486-ஐ மட்டும் விட்டுவிட்டார்.

"அதுதான் நாளைக்குப் புதுசா ஆரம்பிக்கப் போறதே. அப்போ வெச்சுக்கலாம்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை தி. நகரில் நல்லசிவம் அண்ணாச்சியின் புடவைக் கடையில் எங்கள் புரோகிராம் முதல் பில் போட வேண்டும். நல்ல நேரத்துக்குள் போட்டாக வேண்டும், தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி கறாராகச் சொல்லியிருந்தார். எங்களுக்கு அவர்தான் முதல் கஸ்டமர்.

கிளம்பும் முன் இனாயத் ஒரு சோதனை பில் அடித்தான். கூட்டுத்தொகை தப்பு. மறுபடி அடித்தான். மறுபடியும் தப்பு. பூஜைக்கு முந்தைய நாள்தான் தீபாவளித் தள்ளுபடியைச் சேர்த்திருந்தான்.

"பழைய காப்பிய எடுத்துக்கலாம்" என்று ஒரு ஃப்ளாப்பியை உள்ளே தள்ளினான். கர்ரென்று ஒரு சத்தம். வெளியே இழுத்தால் வரவில்லை. காய்ந்த சந்தனம் தகட்டோடு டிரைவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. டப்பாவில் இருந்த அத்தனைக்கும் அதே கதி. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

போன் அடித்தது. "என்னம்மா, நேரம் போய்க்கிட்டே இருக்கு. வாரியளா, இல்லியா?" என்றார் அண்ணாச்சி.

"வந்துண்டே இருக்கோம், அண்ணாச்சி!" என்று வைத்துவிட்டு 486-க்கு ஓடினேன். இனாயத்தின் இன்றைய புரோகிராமையும், தள்ளுபடிக்கு முந்தையதையும் ஒப்பிடச் சொன்னேன். மாறிய வரிகள் மட்டும் திரையில் வரிசையாக வந்து நின்றன.

"இங்க பாரு! தள்ளுபடிய ரெண்டு இடத்துல கழிச்சிருக்கே!"

இனாயத் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "ஐயோ, ஆமா! கீழ இருக்குறத தூக்கு, தூக்கு!"

தூக்கி, கேபிள் வழியாக அவன் கம்ப்யூட்டருக்கு அனுப்பினேன். அவன் தன் மேஜைக்குத் தாவி பில் அடித்தான். தொகை சரி. "சூப்பர்!" என்று கத்திய அடுத்த நொடி அவன் முகம் சுருங்கியது. "கடைக்கு எதுல எடுத்துக்கினு போறது? டிரைவ்தான் காலியாயிடுச்சே."

"என்னோடது நன்னாத்தான் இருக்கு" என்றேன். இருக்காதா பின்னே, அதற்குத்தான் யாரும் பொட்டு வைக்கவில்லையே! கேபிள் வழியாக வாங்கி, புது ஃப்ளாப்பியில் ஏற்றி அவன் கையில் கொடுத்தேன். படியிறங்கி ஸ்கூட்டரில் பறந்தான்.

நானும் சாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடித்ததும் சார் முந்திக்கொண்டு எடுத்தார். மறுமுனையில் இனாயத் போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. "பில் வந்துச்சு சார்! அண்ணாச்சி அதை சாமி படத்துக்கிட்ட வெச்சுக்கினு கீறாரு!"

சார் சந்தனக் கிண்ணத்தோடு 486 அருகே வந்தார். நான் பாய்ந்து ஃப்ளாப்பி வாயைக் கையால் மூடினேன்.

"வெளியில மட்டும், சார்."

"தெரியும்மா" என்று நெற்றியில் இடுவது போல மேலே ஒரு பொட்டு வைத்தார். விண்டோஸ் பேச்சை அவர் எடுக்கவில்லை.

இனாயத் திரும்பி வந்ததும் பொம்மையைத் தூக்கி என் மேஜையில் வைத்தான்.

"எனக்கு எதுக்கு? இனிமே ரெண்டு பேரும் சேர்ந்தே வேலை பார்க்கலாமே" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன்" என்று நாற்காலியை 486 பக்கம் இழுத்துப் போட்டான். "என் பேர்ல ஒரு லாகின் போடு."