அம்மா கேட்டு வாங்கிய படிப்பு

வெர்னாவுக்குக் காது கேட்காது. மேசை நடுவில் கிடந்த போனில் மாநிலக் கல்வி அலுவலகத்துப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதை மகள் கின்சியின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவர்கள் இருக்கும் மலையிடுக்கில் வீடியோ அழைப்பு பாதியில் உறைந்துவிடும். எந்தச் செய்தியானாலும் அந்த வீட்டுக்குக் கின்சியின் கைகள் வழியாகத்தான் வரும்.

“என்னடி சொல்றா?” என்று வெர்னா கையால் கேட்டாள்.

“முடியாதாம்.”

“இவ்வளவு நேரம் பேசினாளே?”

“முடியாதுன்னு மரியாதையா சொல்லணும்னா நேரம் ஆகும்மா.”

சைகை மொழிபெயர்ப்பாளர் படிப்புக்குக் கென்டக்கியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் கின்சிக்கு இடம் கிடைத்திருந்தது. சொந்த மாநிலத்தில் இல்லாத படிப்பென்றால், அந்த ஊர்ப் பிள்ளைகள் கட்டும் கட்டணத்தையே இவளும் கட்டினால் போதும் என்று ஒரு சலுகை உண்டு. அவர்களுடைய மேற்கு வர்ஜீனியாவில் அந்தப் படிப்பு இல்லை. அதாவது, போன மாதம்வரை இல்லை.

அதை இங்கே கொண்டுவரச் சொல்லி அலைந்தவர்களில் வெர்னாவும் ஒருத்தி. கல்லூரி வாரியத்தின் முன்னால் நின்று, கணவன் டுவைட் இறந்த நாளைச் சொன்னாள். சுரங்கத்திலிருந்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மொழிபெயர்க்க ஆள் இல்லை. டாக்டர் சொன்னதைப் பத்து வயது மகள்தான் அம்மாவுக்குச் சொன்னாள். வாரியம் அன்றைக்கே ஒப்புதல் கொடுத்தது. வெர்னா ஆப்பிள் கேக் சுட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள்.

வகுப்பு தொடங்க இரண்டு வருஷம் ஆகும். ஆனால் ஒப்புதல் கிடைத்த அன்றே அது இங்கே இருக்கிற படிப்பாகிவிட்டது, கென்டக்கிச் சலுகையும் போய்விட்டது.

“கேளு. வாத்தியாரே இன்னும் வரல, அது எப்படி இருக்கிற படிப்பாகும்?”

கின்சி போனில் பேசினாள். காத்திருந்தாள். “காகிதத்துல வந்துட்டா வந்ததுதானாம்.”

“அப்ப காகிதத்து மேலயே போய் உக்காந்து படிக்கச் சொல்றாளா?”

கின்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இத அப்படியே சொல்லணுமா?”

“சொல்லு.”

சொன்னாள். “அவங்களும் சிரிக்கிறாங்கம்மா. நல்லவங்களாத்தான் இருக்காங்க. வெளி மாநிலத்துக் கட்டணம் கட்டினா இந்த வருஷமே சேரலாமாம்.”

அது மூன்று மடங்கு.

போனிலிருந்து மறுபடி ஏதோ வந்திருக்க வேண்டும். கின்சியின் கைகள் எழுந்தன, பாதியில் நின்றன.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஆஸ்பத்திரியிலயே நீ ஒரு வார்த்தை விடல. இப்ப என்ன வந்துச்சு? முழுசா சொல்லு.”

கின்சி அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள். “நீ பேசினதாலதான் இந்தப் படிப்பே வந்துச்சாம். அந்தப் பேச்ச வாசிச்சுட்டு அவங்க ஆபீஸ்ல எல்லாரும் அழுதாங்களாம். எனக்குப் பெருமையா இருக்கணுமாம்.”

அடுப்பில் பீன்ஸ் அடிபிடிக்கிற வாசனை வந்தது. இருவருக்குமே வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெர்னா பெரிதாக, வேகமாகக் கைகளை வீசினாள். “அவகிட்ட சொல்லு. அந்தப் படிப்பு எங்களுக்கு வேண்டாம். நான் கேட்டதத் திருப்பி எடுத்துக்கறேன். நாளைக்கே வந்து அதே வாரியத்து முன்னால நின்னு சொல்றேன். சொல்லு.”

கின்சி கொஞ்ச நேரம் அம்மாவின் கைகளையே பார்த்தாள். பிறகு போனை நோக்கிக் குனிந்தாள். உதடுகள் கொஞ்சம்தான் அசைந்தன. மகளின் உதடுகளை வெர்னாவுக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும்.

ரொம்ப நன்றிங்க மேடம்.

போனின் வெளிச்சம் அணைந்தது. கின்சி எழுந்து அடுப்பை நிறுத்தினாள். கொக்கியில் தொங்கிய, வேலை செய்யும் கடையின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். இன்றைக்குச் சாயங்கால வேலை.

“சொன்னியா?” என்று கேட்க வெர்னாவின் கைகள் எழுந்தன. கின்சி குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிரும்வரை வெர்னா காத்திருந்தாள். அவள் நிமிர்ந்தபோது வெர்னா அதைக் கேட்காமலே கைகளை இறக்கிக்கொண்டாள்.