ஓட்டுநரின் இடது பக்கம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். ராணுவச் சாமான்களை வகைப்படுத்தும் முறைமீது எனக்கு நெடுநாள் ஆர்வம் என்றுகூட ஒரு வாக்கியம் எழுதி அடித்தேன். பொய். என் மனைவி சுஹானா அந்த வேலையைச் செய்கிறாள். அவளுக்கு எதிர் நாற்காலியில் ஹைக்கல் என்று ஒருவன் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறான். என் ஆர்வம் அவ்வளவுதான்.

வேலை இதுதான். ராணுவத்துக்குப் போகும் ஒவ்வொரு சாமானுக்கும், அது திருகாணியோ லாரிக் கண்ணாடியோ, முதலில் ஒப்புக்கொள்ளப்பட்ட பெயரைத் தேட வேண்டும். பிறகு என்ன உலோகம், என்ன நீளம், எந்தப் பக்கம் மாட்டுவது என்று வரிசையாக வரும் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். செய்த கம்பெனி எதுவானாலும், இரண்டு சாமான்களின் பதில்கள் ஒத்துப்போனால் ஒரே எண். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.*

* இதைச் சாப்பாட்டு மேசையில் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: "பினாங்கு, பாயான் லெப்பாஸில் மழை. அந்த அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரு ரப்பர் வளையத்தைப் பார்த்துச் சிரித்து—"

வேண்டாம். நான் அங்கே இல்லை. அவர்கள் சிரித்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தினமும் சொல்கிறாள். "மச்சான், இன்னிக்கு ஹைக்கல் என்ன சொன்னாரு தெரியுமா?" என் கதைகளைப் படித்து அவள் அப்படிச் சிரித்ததில்லை. (நான் நகைச்சுவை எழுதுவதில்லை என்பது வேறு விஷயம்.)

இப்போது கம்பெனி இருவரையும் ஆறு மாதப் பயிற்சிக்குக் கோலாலம்பூர் அனுப்பப் பார்க்கிறது. வெள்ளிக்கிழமை அவள் பதில் சொல்ல வேண்டும். "போகட்டுமா?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். போகாதே என்பதை ஒரு கணவன் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வான்?

3

கதைக்குத் தகவல் வேண்டும் என்று சொல்லி ஹைக்கலைச் சூலியா தெருவில் ஒரு டீக்கடைக்குக் கூப்பிட்டேன். என் வரைவில் அவனுக்குத் தொப்பை வைத்திருந்தேன். வந்தவனுக்குத் தொப்பை இல்லை. மனமில்லாமல் எடுத்துவிட்டேன்.

"கதையில சுஹானாவும் வராங்களா அண்ணே?"

"வரலாம். நீங்களா இருந்தா அவங்கள எப்படி எழுதுவீங்க?" விளையாட்டாகத்தான் கேட்டேன். [விளையாட்டாக அல்ல.]

டம்ளரில் தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது. அவன் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: "பேனா மூடிய எப்பவும் தொலைச்சிடுவாங்க. இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு, அரிசி சைஸ்தான் இருக்கும். கோவம் வந்தா அது மட்டும் வெள்ளையா தெரியும் லா." பிறகு அவசரமாக, "எதிர்லயே உட்கார்ந்து பழகிடுச்சு அண்ணே" என்றான்.

அவளைக் கோபப்படுத்துவதில் என்னைவிட அனுபவசாலி பினாங்கில் இல்லை. ஆனாலும் அந்தத் தழும்பு வெளுப்பதை நான் கவனித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து, அவன் சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன். [திருட்டுதான். ஆனால் அவள் என் மனைவி.]

4

முடிவு அ: சுஹானா தானாகவே பயிற்சி வேண்டாம் என்கிறாள்.

முடிவு ஆ: ஹைக்கலுக்கு ஈப்போவில் பெண் நிச்சயமாகிறது. (இதை எழுதும்போதே மனசுக்கு இதமாக இருந்தது.)

இரண்டையும் எழுதிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் சுஹானா என் கணினி முன்னால் இருந்தாள். எல்லாவற்றையும் படித்திருந்தாள்.

"தழும்பு வலது பக்கம் மச்சான். கட்டின பொண்டாட்டிய இன்னொருத்தர் சொல்லிக் கேட்டா எழுதுவீங்க? எங்க வேலையில சாமானக் கையில வச்சுப் பார்க்காம எழுதினா பெரிய திட்டு விழும்."

தழும்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது. வலது பக்கம்.

தப்பிக்க வழி தேடினேன். "உன் ஹைக்கல்தான் இடதுனு சொன்னான். என்ன கெட்டிக்காரன்!"

"அவரு அப்படித் தப்பு பண்ண மாட்டாரு லா. கண்ணாடியோ கதவோ, டிரைவர் சீட்டுல உட்கார்ந்து பார்த்தாதான் இடது வலது. எதிர்ல நின்னு பார்த்து எழுதக் கூடாது. எனக்கே அவருதான் சொல்லிக் குடுத்தாரு. வேலைனு உட்கார்ந்தா அவரு ஒருநாளும்..."

நிறுத்திவிட்டாள்.

எதிரே இருப்பவனுக்கு அவளுடைய வலது இடதாகத் தெரியும். வேலை நினைப்பில் இருந்தால் ஹைக்கல் திருப்பிச் சொல்லியிருப்பான். அன்று அவன் நினைப்பில் இருந்தது வேலை இல்லை, அவள் முகம். இதை நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் முடித்துவிட்டாள்.

அவள் விரல் புருவத்துக்குப் போனது. "அப்படியா சொன்னாரு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தழும்பு தெரியவே இல்லை.

5

தன் மனசில் இருப்பதைப் பற்றி அவன் அவளிடம் ஒருநாளும் வாய் திறந்திருக்க மாட்டான் என்று இப்போது நம்புகிறேன். திறக்கவும் மாட்டான். நான்தான் அவனைக் கூப்பிட்டு, வாயைக் கிளறி, கேட்டதைப் பிழையில்லாத தமிழில் எழுதி அவள் முன்னால் வைத்தேன். மூன்றாம் பகுதியை அழித்துப் பார்த்தேன். அவள் படித்தது படித்ததுதான் என்று தோன்றியது, திரும்பச் சேர்த்துவிட்டேன்.

இன்று வியாழன். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் தேவலை.

மேலே உள்ள முடிவுகள் இரண்டும் எனக்குச் சாதகமாக நானே எழுதிக்கொண்டவை, அவற்றை நம்ப வேண்டாம். நாளைக்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், வாசகரே. எழுதினால் ஒரே ஒரு உதவி: அவள் கண்ணில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.